வேட்பாளரின் குணமும் பதினான்காம் எண் படிவமும்

அயோவா மாநிலத்தின் வெண்ட்லிங் மாவட்டத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. மாவட்ட அலுவலகத்தின் வாசல் பலகையில் இரண்டு எண்ணிக்கையையும் அருகருகே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அடுத்த ஜனாதிபதி யார் என்று நாட்டிலேயே முதலில் வாய் திறப்பவர்கள் இந்த மாவட்டத்தாரும் இவர்களுடைய அக்கம்பக்கத்து மாவட்டத்தாரும்தான். ஆகவே ஜனாதிபதி ஆகும் ஆசை யாருக்கு வந்தாலும், அவர் இங்கே வந்து, கோடைச் சந்தையில் குச்சியில் குத்திய பன்றிக்கறியைக் கடித்து, சட்டையில் சிந்தாமல் சிரித்துக் காட்டியாக வேண்டும்.

அந்தக் கோடையில் சிரித்துக் காட்ட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் செனட்டர் ராட்னி ஸ்ட்ராபெல். கோபக்காரர். பேட்டி எடுக்கப் போனவர்கள்மேல் அவர் எறிந்த பொருட்களில் ஒரு பூந்தொட்டியும் உண்டு. மற்றவர் ஆளுநர் எலியட் பெம்பர்ட்டன். நிதானஸ்தர். அவர் வீடு தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டிக்காரர்களை உட்காரச் சொல்லி காபி கொடுத்தார் என்று அவருடைய ஆட்களே துண்டுப் பிரசுரம் அச்சடித்திருந்தார்கள்.

கடலுக்கு அப்பால் ஒரு போர் நான்காம் ஆண்டாக நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்டின் பெயர் வெண்ட்லிங் மாவட்டத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. ‘அங்கே’ என்றுதான் சொல்வார்கள். காபிக் கடையில் தினமும் சண்டை நடந்தது. போரைப் பற்றி அல்ல, போரை நடத்தப் போகிறவரின் கோபத்தைப் பற்றி.

மார்லிஸ் ஓல்ட்மன்ஸ் மாவட்ட அலுவலகத்தின் முன்மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். நாய் உரிமம், வாக்காளர் பட்டியல், புதைக்க அனுமதி எல்லாம் அவள் கை பட்டுத்தான் போக வேண்டும். அவளுடைய ஒரே மகள் பிரிட்டா, தேசியக் காவல் படையில் லாரி ஓட்டுகிறவள். மே மாதக் கடைசியில், ‘அங்கே’ போக ‘தயாராக இருக்கவும்’ என்று பிரிட்டாவின் பிரிவுக்குக் கடிதம் வந்தது. அன்று முதல் அவளுடைய பச்சை நிற மூட்டை சமையலறைக் கதவருகே நிற்கிறது. மார்லிஸ் காலையில் காபி போடப் போகும்போதெல்லாம் அதில் தடுக்கிக்கொள்கிறாள்.

அந்தத் தடுக்கலோடு மாவட்ட மன்றத்தின் ஜூன் மாதக் கூட்டத்துக்கு வந்தவள்தான், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே தலையை நிமிர்த்திச் சொல்லிவிட்டாள்.

“அந்த ஸ்ட்ராபெல் பூந்தொட்டியைத் தூக்கி எறியறான். இவன் கையில படையைக் கொடுத்தா என்ன ஆகும்? முதல்ல இவங்க குணத்தைச் சோதிச்சுப் பாருங்கய்யா!”

இருபத்திரண்டு வருஷத்தில் மாவட்ட மன்றம் அவள் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ‘இம்மாவட்டத்திற்கு வருகை புரியும் ஜனாதிபதி வேட்பாளர்கள் அனைவரும் குணநிலைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட பின்னரே உரையாற்ற அனுமதிக்கப்படுவர்’ என்று நாற்பத்தோராம் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தீர்மானத்தை அவளே தட்டச்சு செய்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. படிவம் இல்லாமல் வெண்ட்லிங் மாவட்டத்தில் ஒரு காக்கையைக்கூட விரட்ட முடியாது. ஜனாதிபதியின் குணத்தைச் சோதிக்கப் படிவம் எங்கே? மார்லிஸ் மாநிலத் தலைநகருக்கு எழுதினாள். அது மத்திய அரசின் பொறுப்பு என்று பதில் வந்தது. வாஷிங்டனுக்கு எழுதினாள். அது மாநிலத்தின் பொறுப்பு என்று பதில் வந்தது. சந்தைக்கு மூன்று நாள் இருக்கும்போது மன்றத் தலைவர் டெல்மர் புரூன்ஸ் அவள் மேசைமேல் ஒரு மஞ்சள் தாளை வைத்தார். டெல்மர் முப்பது வருஷமாகச் சந்தையில் மாடுகளுக்கு நடுவர்.

“இந்தா, பதினாலாம் நம்பர். நம்மகிட்டயே இருக்கும்மா.”

மார்லிஸ் படித்தாள். “டெல்மர், இது மாட்டுக் குணம் பாக்கற படிவமில்ல?”

“குணம்னா குணம்தான். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் மதிப்பெண். ஒண்ணுன்னா சாது. ஆறுன்னா கையாளறவங்களுக்கு ஆபத்து. ‘விலங்கு’ன்னு இருக்கற இடத்துல ‘வேட்பாளர்’னு மாத்திடு. முடிஞ்சுது.”

“மாட்டுக்கு எதுக்கு டெல்மர் குணம் பாக்கறீங்க? கறிக்கு அது என்னத்துக்கு?”

“கறிக்கு இல்ல. லாரியில ஏத்தும்போது முரண்டு பண்ணக் கூடாது. கதவைப் பின்னால சாத்தினா திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்பிப் பாக்காம போற மாடுதான் முதல் தரம்.”

மார்லிஸ் யோசித்தாள். “ஒரு கேள்வி நான் சேர்த்துக்கலாமா? ஒன்பதாவதா. ‘அங்கே’ இன்னும் ஆள் அனுப்புவீங்களான்னு.”

டெல்மர் மோவாயைச் சொறிந்தார். அவர் கெட்டவர் அல்ல. பிரிட்டாவுக்கு முதல் கன்றுக்குட்டியைத் தேர்ந்து கொடுத்தவரே அவர்தான். “சேர்த்துக்கோ. எரிச்சல் மூட்டற கேள்வி ஒண்ணு இருந்தா நல்லதுதான். எப்படித் தாங்கறாங்கன்னு பாத்துடலாம்.”

‘வேட்பாளர்’ என்று மாற்றுவதற்கு முதல் பக்கத்துக்கு மட்டும்தான் நேரம் இருந்தது.

சந்தைச் சனிக்கிழமை. நல்ல உச்சிவெயில். மாட்டுக் கொட்டகையில் எண்ணூறு பேர் மரப்பலகைகளில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மரத்தூள் பரப்பிய வளையம். அதற்குள் வர ஒரு தகரச் சந்து, வெளியே போக ஒரு தகரச் சந்து, இரண்டிலும் இரும்புக் கதவு. வெளியே போகும் சந்தின் கடைசியில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு மக்காச்சோள மணி கொடுப்பார்கள். பிடித்தவரின் ஜாடியில் போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த மணிக் கணக்கைத்தான் தொலைக்காட்சிக்காரர்கள் நாடு முழுக்கக் காட்டுவார்கள். அடுத்த வருஷம் பெரும்பாலும் அதுவே பலித்துவிடும்.

சோதனைக்கு முன்னால் உதவியாளர்கள் படிவத்தை நிரப்ப வேண்டும். ஸ்ட்ராபெலின் உதவியாளர் நாடின் என்ற பெண், கையில் இரண்டு தொலைபேசி. அவள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி முகம் சுளித்தாள்.

“‘கொம்பு: உண்டு, இல்லை, அகற்றப்பட்டது.’ என்னங்க இது?”

“பொருந்தறதுல டிக் போடுங்க,” என்றாள் மார்லிஸ்.

பெம்பர்ட்டனின் உதவியாளர் முகம் சுளிக்கவில்லை. ‘உரிமையாளர் பெயர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் வெகுநேரம் யோசித்தார். பிறகு பொடி எழுத்தில் நான்கு கம்பெனிப் பெயர்களை எழுதினார். இடம் போதவில்லை.

“அம்மா, தனியா ஒரு தாள் இணைக்கலாமா?”

“தாராளமா. ‘இணைப்பைப் பார்க்க’ன்னு எழுதிடுங்க.” மார்லிஸ் தாளைக் கொடுத்தாள். அவர் அதில் இரண்டு பக்கமும் எழுதினார்.

முதலில் பெம்பர்ட்டன். அவர் வளையத்துக்குள் வந்ததும் பின்னால் கதவைப் படாரென்று சாத்தினார்கள். அவர் திரும்பவில்லை. ஓர் ஆள் தகர வாளியைத் தட்டிக்கொண்டே நெருங்கினான். ஆளுநர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்துக்கு நேரே திடீரென்று குடையை விரித்தார்கள். “நல்ல நிறம்,” என்றார். டெல்மர் அவரைச் சுற்றி வந்து பின்னங்கால் பக்கம் கொஞ்சம் நின்று பார்த்து, மைக்கில், “நிற்கும் நிலை செம்மை. அசைவு இல்லை. மிரட்சியில் கண்ணின் வெள்ளை தெரியவில்லை,” என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது.

ஒன்பதாம் கேள்வியை மார்லிஸே படித்தாள். “நீங்க ஜனாதிபதி ஆனா, இந்தப் போருக்கு இன்னும் ஆள் அனுப்புவீங்களா?”

பெம்பர்ட்டன் கண்ணை மூடித் திறந்தார். வெதுவெதுப்பான குரலில் சொன்னார்: “ஆழ்ந்து யோசித்து, கனத்த இதயத்தோடு, இன்னும் நாற்பதாயிரம் பேரை அனுப்புவேன்.”

கொட்டகையே பெருமூச்சு விட்டது.

“என்ன நிதானம் பாத்தியா!” என்றாள் முன்வரிசையில் இருந்த டோரீன். மார்லிஸின் அடுத்த வீட்டுக்காரி. “கேட்டாலே மனசு லேசாகுது.”

“யோசிச்சு அனுப்பறாருப்பா,” என்றார் பக்கத்தில் ஒருவர். “சும்மா அனுப்பல.”

மதிப்பெண் ஒன்று. டெல்மர் முதல் பரிசுக்கான நீல நாடாவை எடுத்து ஆளுநரின் சட்டையில் குத்தினார். ஊசி கொஞ்சம் சதையிலும் ஏறியிருக்க வேண்டும். அதற்கும் அவர் அசையவில்லை.

அடுத்து ஸ்ட்ராபெல். கதவு படாரென்றதும் துள்ளித் திரும்பி, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் காதில் விழக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னார். வாளியை உதைத்தார். குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார். டெல்மர் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டே போனார். முப்பது வருஷ நடுவர் வேலையில் இவ்வளவு தெளிவான ஓர் ஆறு கிடைப்பது அபூர்வம்.

மார்லிஸ் நம்பிக்கை இல்லாமல்தான் ஒன்பதாம் கேள்வியைப் படித்தாள். ஸ்ட்ராபெலின் போர்க் கொள்கை என்னவென்று அதுவரை யாருக்கும் தெரியாது. அவர் எறிந்த பொருட்களின் பட்டியலைப் படித்து முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

அவருக்குக் காதுவரை சிவந்தது. “ஆள் அனுப்பறதா? நாலு வருஷமா எதுக்குன்னே தெரியாம சாவறானுங்க, இன்னும் அனுப்பறதா? ஒருத்தர்கூடப் போக வேண்டாம்! போனவங்களை எல்லாம் முதல் நாளே திருப்பிக் கூப்பிடுவேன்!” என்று கத்தி, தகரத் தடுப்பில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கொட்டகை முழுக்க அதிர்ந்தது.

மார்லிஸின் பேனா நின்றுவிட்டது. இத்தனை வாரமாக அவள் கேட்கத் துடித்த வார்த்தை அது.

“ஐயய்யோ, என்ன கோபம்!” என்றாள் டோரீன். “குழந்தைங்க இருக்கற இடம்!”

“இந்த மாதிரி ஆள் கையிலயா படையைக் கொடுக்கறது?” என்று பின்வரிசையில் கேட்டார்கள். அந்த வாக்கியம் மார்லிஸுக்கு நன்றாகப் பழக்கமானது. ஜூன் மாதக் குறிப்பில் அவள் பெயருக்கு எதிரே இருந்தது.

“ஆறு,” என்றார் டெல்மர் மைக்கில். “கையாளுபவருக்கு ஆபத்து.”

மார்லிஸ் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “டெல்மர், அவர் சொன்னதைக் கேட்டீங்களா?”

“கேக்காம? தகரமே அதிருச்சே.”

“சத்தத்தை விடுங்க. சொன்ன விஷயத்தை?”

“விஷயத்துக்குக் கட்டம் இல்லையே, மார்லிஸ்.” டெல்மர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். “படிவத்தை நீதானே அச்சடிச்ச.”

இரண்டாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. ‘ஐந்தும் அதற்கு மேலும் பெறும் விலங்கைத் தனியே கொண்டுசென்று, குளிர்ந்த நீர் ஊற்றி, உடம்பைத் துலக்கி, அதே நாளில் மீண்டும் ஒருமுறை காட்சிக்குக் கொண்டுவரலாம்.’ நாடின் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். செனட்டரைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கழுவும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மார்லிஸ் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். செனட்டர் ஈரத்தலையோடு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். நாடின் அவருடைய தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, நீங்க சொன்னதுதான் சரி. தயவுசெஞ்சு மாத்திடாதீங்க. என் பொண்ணு லாரி ஓட்டறா. மூட்டை கட்டி வெச்சுட்டுக் காத்திருக்கா.”

ஸ்ட்ராபெல் அவளைப் பார்த்தார். கோபம் இல்லாத நேரத்தில் அவர் முகம் சோர்ந்த, சாதாரணமான முகம். “கோபத்துல மனசுல இருந்தது வந்துடுச்சும்மா.”

“அதுதான் பிரச்சனையே,” என்றாள் நாடின், சீப்பை நிறுத்தாமல்.

“நீங்க எனக்கு மணி போடுவீங்களா?” என்று அவர் கேட்டார்.

“போடுவேன்யா. சத்தியமா போடுவேன்.”

“ஒண்ணு,” என்றாள் நாடின். “அந்தப் பக்கம் எண்ணூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. தலையைக் கொஞ்சம் குனிங்க, செனட்டர்.”

அவர் குனிந்தார்.

இரண்டாம் முறை வந்தவர் வேறு ஆள். கதவு படாரென்றது. திரும்பவில்லை. வாளிக்காரனைக் கட்டிப்பிடித்தார். ஒடிந்த குடையைத் தாமே வாங்கி, “இதைச் செப்பனிடுவோம், எல்லோரும் சேர்ந்து,” என்றார். கூட்டம் உருகியது. ஒன்பதாம் கேள்வியை மார்லிஸ் படிக்க மறுத்ததால் டெல்மரே படித்தார்.

செனட்டர் புன்னகைத்தார். பார்வை மட்டும் மார்லிஸ் பக்கம் வரவில்லை. “நிதானமாகச் சிந்தித்துப் பார்த்தேன். ஐம்பதாயிரம்.”

எண்ணூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். “முப்பது வருஷத்துல இவ்வளவு சீக்கிரம் தேறினது எதையும் நான் பார்த்ததில்ல,” என்று டெல்மர் மைக்கில் தழுதழுத்தார். இன்னொரு நீல நாடா.

“உங்களுக்கெல்லாம் காது இருக்கா இல்லையா?” என்று ஒரு குரல் கேட்டது. மார்லிஸின் குரல்தான். அவள் வளையத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். “ஐம்பதாயிரம் பேருய்யா! எங்கேர்ந்து பிடிப்பாங்க? இங்கேர்ந்துதான் பிடிப்பாங்க! கை தட்டறீங்களே!”

யாருக்கும் அவள்மேல் கோபம் வரவில்லை, எல்லாரும் நல்லவர்கள். டோரீன் இறங்கி வந்து ஒரு கோப்பை எலுமிச்சை ஜூஸைக் கையில் திணித்தாள்.

“வெயில் ஜாஸ்தி, மார்லிஸ். குடி. கொஞ்சம் நிழல்ல உக்காரு.”

“நாலு,” என்றார் டெல்மர் தன்னை அறியாமல், மெல்லிய குரலில். பழக்கதோஷம். மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சரியான மதிப்பெண்தான் என்று பலர் தலையசைத்தார்கள்.

பிரிட்டா வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். ஒரு கையில் பாதி தின்ற சோளக்கதிர். “வாம்மா. வரிசை நகருது.”

மணி போடும் வரிசை தகரச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராக, தோள் உரசாமல், முண்டாமல் போனார்கள். யாரோ வெயிலுக்குப் படக்கென்று குடை விரித்தார்கள். ஒருவரும் மிரளவில்லை. பின்னால் ஒருவன் வாளியைத் தட்டினான். ஒருவரும் தலை தூக்கவில்லை.

மார்லிஸின் கையில் நிரப்பாத பதினான்காம் எண் படிவம் ஒன்று மிச்சம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் சும்மா விடுமா? தகரத் தடுப்பின்மேல் தாளை வைத்து எழுதினாள். பெயர்: வெண்ட்லிங் மாவட்டத்து வாக்காளர்கள். எண்ணிக்கை: எண்ணூறு. கொம்பு: அகற்றப்பட்டது. சந்துக்குள் நுழையும் விதம்: தானாகவே, கோல் தேவைப்படவில்லை. உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் ஒரு நிமிஷம் நின்று, ‘இணைப்பைப் பார்க்க’ என்று எழுதினாள். மதிப்பெண்: ஒன்று. கீழே கையெழுத்துப் போட்டாள்.

அதற்குள் ஜாடிகள் வந்துவிட்டன. இரண்டிலும் பாதிக்கு மேல் மணி. இரண்டின்மேலும் நீல நாடா.

“எதுல போடப் போற?” என்று பிரிட்டா கேட்டாள்.

“நாற்பதாயிரத்துக்குத்தான்.” மார்லிஸ் மணியை விரலில் உருட்டினாள். “பத்தாயிரம் பேராவது மிச்சமாவாங்க இல்ல?”

பிரிட்டா சோளத்தைக் கடித்து மென்று விழுங்கினாள். “நான் அந்தப் பத்தாயிரத்துல இல்லம்மா. இப்பவே போற லிஸ்ட்ல இருக்கேன். காலையிலதான் போன் வந்துச்சு. திங்கக்கிழமை கிளம்பணும்.”

மார்லிஸின் வாய் திறந்தது. கத்தினால் தகரம் அதிரும் அளவுக்கு உள்ளே ஏதோ ஏறிக்கொண்டு வந்தது. இந்த முறை நிச்சயம் ஆறுதான்.

பின்னாலிருந்து டோரீன் அவள் தோளை மெல்லத் தொட்டாள். “கொஞ்சம் நகரு, மார்லிஸ். எல்லாரும் நிக்கறாங்க.”

“மன்னிச்சுக்கோ, டோரீன்,” என்றாள் மார்லிஸ். பெம்பர்ட்டனின் ஜாடியில் மணியைப் போட்டாள். நகர்ந்தாள்.

பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.